ஏழு ஐம்பது

ஏழு ஐம்பதுக்கு அலாரம் இன்னும் அடிக்கிறது.
பாகாயம் பஸ்ஸுக்கு வைத்தது.
முபீன் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு
எனக்கும் சேர்த்து இடம் பிடித்த பஸ்.
கல்லூரி முடிந்து பதினான்கு மாதம்.
நான் எழுவதுமில்லை,
அதை அழிப்பதுமில்லை.
கட்டைவிரலால் ஒரு தள்ளு,
காலை முடிந்தது.

சத்துவாச்சாரியில் மலை
பகலெல்லாம் வாங்கிய சூட்டை
ராத்திரியில் சில்லறையாகத் திருப்பித் தரும்.
மாடித் தொட்டியில் தண்ணீர் தானாகவே வெந்நீர்.
குளிக்கத்தான் தோன்றாது.

அம்மா ஒன்றும் கேட்பதில்லை.
என் தட்டில் முள்ளுக்கத்திரிக்காய்
இரண்டு துண்டு கூடுதலாக விழும்,
அதுதான் அவள் கேள்வி.
ராணிப்பேட்டை ஷிப்டுக்குக் கிளம்பும் அப்பா
ஷூவை வாசலில் இரண்டு முறை தட்டுவார்.
ஒரு தட்டு மண்ணுக்கு.

எட்டுப் பேர் இருந்த குழுவில்
கடைசியாக வந்தது யாரோ வெட்டிய கேக்.
தணிகாசலம் ஒரகடத்தில்.
ரோஸ்லின் ஓசூரில்.
முபீன் இதோ மேல்விஷாரத்தில்,
அவன் மாமாவின் தோல் ஷெட்டில்,
இருபது ரூபாய் பஸ் தூரம்.
இன்னா பண்ற இப்ப, என்று கேட்டுவிடுவானே
என்ற ஒரே பயத்தில்
அந்த இருபது ரூபாய்
துபாய் தூரமாகிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை
அம்மாவின் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனது.

ஆஸ்பத்திரி ரோட்டில் பாதி போர்டுகள் வங்காளத்தில்.
கடுகெண்ணெய் வாசனைக்கு நடுவே ஒருவர்
மஞ்சள் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
என் சட்டையைப் பிடித்தார்.
அவருக்குத் தமிழ் தெரியாது.
எனக்கு இந்தி, படத்தில் கேட்டது மட்டும்.
சீட்டில் இருந்த எண்ணை வைத்து
கட்டடம் கட்டடமாகப் போனோம்,
லிப்டுக்கு நின்றோம், தப்பான மாடியில் இறங்கினோம்.
டோக்கன் வாங்கித் தந்து திரும்பும்போது
ஸ்டூடண்ட்? என்றார்.
முடிஞ்சுது, என்றேன் தமிழிலேயே,
கையை விரித்துக் காட்டி.
என்ன புரிந்ததோ,
பாஸ்? என்றார்.

ஆமாம். பாஸ்தான்.
முதல் வகுப்பில்.

பெஞ்சில் சாய்ந்திருந்த மனைவியை எழுப்பி
அதை வங்காளத்தில் சொன்னார்.
சலைன் பிளாஸ்திரி ஒட்டிய கையைத் தூக்கி
அந்த அம்மா சிரித்தாள்.
அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.
பதினான்கு மாதத்தில்
அதற்காக ஒருவர் கை கொடுப்பது
அதுதான் முதல் முறை.

கோட்டை அகழியோரம் உட்கார்ந்து
முபீனுக்கு நீளமாக ஒன்று எழுதினேன்.
அழித்தேன். இன்னொன்று. அதையும்.
கடைசியில் போனது ஒரே சொல்:
துன்னியா?

இரண்டு நீல டிக்.
ஒன்பது நிமிடம்.
அகழியில் ஒரு மீன் வாயைத் திறந்து மூடியது.

குரல் செய்தி. பின்னால் டிரம் சுற்றும் இரைச்சல்.
“டேய், நீ செத்துட்டன்னு நெனச்சிக்கினு கீறேன்.
எனக்கு ரெண்டு அரியர் அப்படியே கீதுடா,
நீ கேப்பியோன்னுதான் போனே பண்ல.
ஞாயித்துக்கிழம வா. பாலாத்துல மேட்ச்.
கீப்பர் இல்ல.”

வீட்டு வாசலில்தான் நினைவு வந்தது, மாத்திரை.
மறுபடி பஸ் ஏறினேன்.
அம்மா அன்றும் ஒன்றும் கேட்கவில்லை.

புதன்கிழமை ஏழு ஐம்பதுக்கு
பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.
அது பாட்டுக்கு அடித்தது.
எங்கேயும் போகவேண்டியிருக்கவில்லை,
இருந்தாலும் சட்டையை மாற்றினேன்.

ஞாயிறு.
தண்ணீர் இல்லாத ஆற்றில் இருபது செருப்புகள்.
வேலை பற்றி யாரும் கேட்டார்களா?
கேட்டார்கள். இல்லை என்றேன்.
சரி, கிளவுஸ் மாட்டு, என்றான் ஒருவன்.
மூன்று கேட்ச் விட்டேன்.
நாலாவது பந்து கால் சந்தில் புகுந்து
பாலத் தூணடியில் தேங்கிய பச்சைத் தண்ணீர்வரை உருண்டது.
ஆற்காடு மொத்தமும் கேட்கும்படி
என் பெயரைச் சொல்லித் திட்டினார்கள்.

மணல் சுட்டது.
ஓடினேன்.